மரியாதைப் பேச்சு செல்லாது

சிகாமணிக்குக் கதவு திறக்கவில்லை. விரலை வைத்தார், முகத்தைக் காட்டினார், கடைசியில் காலால் ஓர் உதை விட்டார்.

"நீங்கள் இங்கே வசிப்பவர் அல்ல. குடியிருப்போரின் முடிவு" என்றது கதவு. அவர் வாசலில் நிற்கும்வரை உள்ளேயிருந்தும் அது திறக்காது.

"எந்த எடுபட்டவன் முடிவு பண்ணான்? அவரு என் புருசன்யா!" என்று உள்ளே பொற்கொடி கத்தினாள்.

"நீங்கள்தான்" என்றது செவிச்சுவர்.

வீட்டுவசதி வாரியத்தோடு சண்டை போட்டு அந்தச் சுவரைக் கொண்டுவந்தவளே அவள்தான். குடியிருப்பை நடத்துவதில் குடியிருப்பவர்களுக்கும் பங்கு வேண்டும் என்றாள். ஆனால் கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை. வந்தவர்களும் அதிகாரியைக் கண்டதும் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்று பல்லிளித்தார்கள். ஆகவே வீட்டுக்குள் பேசுவதையே சுவர் கேட்டு வாக்காக எண்ணியது. மரியாதைப் பேச்சைப் பொய் என்று தள்ளியது. ஆத்திரத்தில் வருவதே மனசு. தண்ணீரும் மின்தூக்கியும் அப்படித்தான் சரியாயின.

"ஒழிஞ்சு போய்யா" என்று அவள் சிகாமணியைச் சொல்லாத நாள் கிடையாது. சோறு போட்டுக்கொண்டேதான் சொல்வாள்.

"அவரு தங்கமானவரு" என்றாள் இப்போது.

"மரியாதைப் பேச்சு. செல்லாது."

"அவரு இல்லாத வீடு எனக்கு வேணாம்!"

"செல்லாது."

"இன்னொரு தபா சொல்லு கொடி, கேக்க நல்லா இருக்கு" என்றார் வெளியே நின்ற சிகாமணி.

"உனக்கு இப்போ இது ஒரு கேடு!"

எதிர்வீட்டு ஜரீனா பால்கனியிலிருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, நல்லபடியா பேசுனா அதுக்கு ஏறாது. அந்தச் சுவரையே திட்டு. எல்லாருமா திட்டுனா கழட்டிக்கினு போயிடுவாங்க."

பால்கனிக்குப் பால்கனி சேதி பரவியது. ஆளாளுக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. ஒருவரின் மாமியாரும் இப்படியே வெளியே நின்றாள். தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"சுவரு இடிஞ்சு நாசமாப் போவட்டும்!"



"சுவர்களை இடிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்றது செவிச்சுவர் எல்லா வீடுகளிலும். "அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை. காலி செய்வதற்காகக் கதவுகள் திறக்கப்படுகின்றன. உங்கள் பங்கேற்புக்கு நன்றி."

சிகாமணி உள்ளே வந்தார். வாரியத்திடம் ஒருநாளும் கைகூப்பாத பொற்கொடி சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஐயா, தெரியாம சொல்லிட்டோம். தயவுசெஞ்சு உட்டுடுங்க."

"மரியாதைப் பேச்சு" என்றது சுவர்.