இரவல் இருமல்

எங்கள் ஊரில் காலையில் வெளியே போக வேண்டுமென்றால் இருமியாக வேண்டும். வாசல் கதவிலேயே 'இருமல்செவி' என்கிற சென்சார் இருக்கிறது. விரலை வைத்து, அதன் முன்னால் இருமினால்தான் கதவு திறக்கும். காசநோய்க் கிருமிகள் பழைய மாத்திரைகளையெல்லாம் தின்று ஏப்பம் விடுகிற காலம் இது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியாது என்று இருமலைக் கேட்டே செவி சொல்லிவிடும். சொன்ன கையோடு வண்டி வரும். சளி சுத்தமாகும்வரை ஆளை விடமாட்டார்கள்.

என் மகள் முத்தெழிலின் கல்யாணத்துக்கு முதல் நாள் அது. விடிந்ததும் என் வீட்டுக்காரர் சுடலைமுத்து லொக்கு லொக்கென்று இருமத் தொடங்கினார். கதவு பக்கமே போகப் பயம். என் தம்பி இசக்கிராஜைக் கூப்பிட்டார். ஆழ்கடல் கப்பலில் வேலை பார்க்கிறவன், முந்தின நாள்தான் கரையிறங்கியிருந்தான். கப்பலில் செவி கிடையாது. ஆள் மலை மாதிரி இருப்பான்.

"மாப்ள, விரல நான் வைக்கேன். எனக்குப் பதிலா நீ ஒரு இருமல் இருமுல."

"ஒண்ணென்ன அத்தான், பத்து இருமுதேன்!"

"கூறுகெட்ட மனுசா!" என்று நான் ஓடி வருவதற்குள் அவன் இருமிவிட்டான். கதவு தேனாகப் பேசியது. "சுடலைமுத்து அவர்களே, உங்களுக்குக் காசநோய். இரண்டு மருந்துகளுக்கு மசியாதது. வண்டி கிளம்பிவிட்டது."

"ஐயையோ, அது என் இருமல் இல்ல!" என்று அவர் கதவோடு மல்லுக்கு நின்றார்.

வண்டியில் வந்த டாக்டரம்மா, "எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று சிரித்துக்கொண்டே மறுபடி இருமச் சொன்னார். என் வீட்டுக்காரர் இருமினார். வெறும் பந்தல் தூசி என்றது செவி! எல்லோரும் இசக்கிராஜைப் பார்த்தோம். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பயப்படாதீங்க. கேக்குற மருந்து இருக்கு, பிழைச்சுக்குவாரு. ஆனா இப்பவே கூட்டிட்டுப் போகணும்" என்றார் டாக்டரம்மா.

"தாய்மாமன் நானில்லாம கல்யாணமா அக்கா?" என்றான் அவன். "எனக்குன்னு வெளிய சொல்லிராதீங்க. அப்புறம் எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

சுடலைமுத்து போனை எடுத்தார்.

"சம்பந்தி, கல்யாணத்தத் தள்ளி வைக்கணும். எனக்குக் காசநோயாம். ஆமா, எனக்கேதான். மச்சினன் துணைக்கு வாரான்."

எந்நேரமும் அவரைத் திட்டுகிற வாய் இது. அன்றைக்கு அழுகைதான் வந்தது. சம்பந்தி நம்பவில்லை போல. மனுசன் போனிலேயே இருமிக் காட்டினார்.