சேலை தொங்குது, ஆத்தா

கல்யாணமான அடுத்த மாதம், ஆனிச் சாரலில், நானும் என் வீட்டுக்காரரும் தேக்கடி பார்க்கப் புறப்பட்டோம். எழுபத்தெட்டாம் வருடம். தேனியிலிருந்து கம்பம் வரை பஸ்ஸில் வந்தோம். அங்கே இறங்கியதும் இவர் குமுளி பஸ்ஸைத் தேடவில்லை, வாடகை மோட்டார் சைக்கிளைத் தேடினார்.

இவர் பெயர் தங்கபாண்டி. போடி பஜாரில் பாத்திரக்கடை. எப்போதும் சிரித்த முகம். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். நான் அப்படி இல்லை. தேனியில் எங்கள் அப்பாவின் தானியக் கடையில் வளர்ந்தவள். மூட்டையின் வாயில் நல்ல சரக்கு தெரிந்தால் அடியில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அந்தப் புத்தி தாலி ஏறியதும் போய்விடுமா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் சுருளி என்பவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். வண்டிகளை வாடகைக்கும் விடுவார். என்னை டீக்கடை வாசலில் நிறுத்திவிட்டு அங்கே போன இவர், கொஞ்ச நேரத்தில் வண்டியும் சிரிப்புமாக வந்தார். பின்னால் பெண்கள் யாராவது உட்காருவார்களா என்று அந்த ஆள் திரும்பத் திரும்பக் கேட்டாராம். உட்காருவதாக இருந்தால் வண்டி கிடையாது என்றாராம். தனியாகத்தான் போகிறேன் என்று இவர் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

பழைய வண்டி, இரண்டு பேர் பாரம் தாங்காதென்று பயப்படுகிறார் போல என்றார் இவர். பாரம்தான் கவலை என்றால் பெண்களை மட்டும் ஏன் கேட்க வேண்டும்? ஆண்களுக்குப் பாரம் கிடையாதா?

வண்டியைச் சுற்றி வந்தேன். பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, எல்லாமே கிழடாக இருந்தது. பின்சக்கரத்தில் சேலை மாட்டாமலிருக்க வைக்கிற கம்பித் தடுப்பு மட்டும் புத்தம் புதிது. கம்பிகள் வழக்கத்தைவிட நெருக்கமாக இருந்தன. ஒரு விரல்கூட நுழையாது. குனிந்து பார்த்தபோது உள்ளே சக்கரத்தின் அச்சில் மஞ்சள் நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கட்டையை மடக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள்.

"ஆளு உக்காரக் கூடாதுன்னே கட்டியிருக்காக. பஸ்ஸுல போவோம்."

"நீ உங்கப்பாவைக்கூட சந்தேகப்படுவ," என்று சிரித்தபடி இவர் வண்டிப் பெட்டியில் கிடந்த குறடால் கம்பியை முறுக்கி எடுத்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். ஹாரனை அடித்துக் காட்டினார். புதுப் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிற ஆசை கண்ணில் தெரிந்தது. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பச்சைச் சேலையின் முந்தானையைத் தோளில் ஊக்குக் குத்தி, நுனியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து இடுப்பில் சொருகிக்கொண்டு ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் பெண் போனால் எதிரில் வருகிறவர் கண் முதலில் சக்கரத்துக்குத்தான் போகும். சேலை தொங்கினால் யார் எவரென்று பார்க்காமல் கத்திச் சொல்லிவிடுவார்கள்.

கூடலூர் தாண்டியதும் புல்லுக்கட்டோடு வந்த ஒருத்தி கை நீட்டிச் சொன்னாள். "சேலை தொங்குது, ஆத்தா."

பதறிப்போய்ப் பார்த்தேன். சொருகினது சொருகினபடியே இருந்தது.

லோயர் கேம்பில் சைக்கிளில் வந்த பெரியவரும் அதையே சொன்னார். பாலத்தில் உட்கார்ந்திருந்த ஆட்களும் சக்கரத்தைக் காட்டிக் கத்தினார்கள். புதுத் தாலியைப் பார்த்து ஊரே கேலி பண்ணுகிறது என்று நினைத்தேன். எல்லாருக்கும் இதே வேலையா என்று எரிச்சலாக வந்தது. கேலி பண்ணுகிறவர்கள் சிரித்திருக்க வேண்டும், ஒருவரும் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மலை ஏற ஏற மேகம் ரோட்டுக்கு இறங்கியது. பகல்தான், ஆனாலும் அடுத்த வளைவு தெரியவில்லை. மூங்கில் புதர்களிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஈரத் தழை வாசம். அதற்குள்ளே இன்னொரு வாசம், வாடின மல்லிகையும் கருகின துணியும் சேர்ந்தது. என் தலையில் அன்று பூ இல்லை.

வண்டி திணறியது. இரண்டு பேரோடு வருகிற வண்டியின் திணறல் மாதிரி இல்லை.

"தோளை அழுத்தாத செல்வமணி. ஹேண்டில் ஆடுது."

என் ஒரு கை சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை மடியில் இருந்தது.

அது என் கை இல்லை என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார். அந்த வளைவில் திரும்பினால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும்.

மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினார்.

"மஞ்சச் சேலை வீலுக்குள்ள போகுதுங்க, நிப்பாட்டுங்க."

நான் கட்டியிருந்தது பச்சை.

நிறுத்துங்க என்றேன். இந்த ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருண்டுவிடும், வளைவு தாண்டட்டும் என்றார் இவர். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

என் இடுப்பில் சொருகியிருந்த நுனி மெல்ல உருவியது.

காற்றுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மடிப்பு மடிப்பாக, தூங்குகிற பிள்ளைக்குக் கீழேயிருந்து துணியை எடுப்பது மாதிரி யாரோ எடுத்தார்கள். நுனியைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது. முந்தானை கழுத்தோரம் ஏறி இறுகியது. ஊக்கு பிடித்திருக்கிறது, இனி துணி விடாது, என்னைத்தான் கொண்டுபோகும் என்று புரிந்தது. சாகப்போகிறேன் என்று அவ்வளவு தெளிவாக அதற்கு முன் நான் பயந்ததில்லை.

கம்பியை விட்டேன். இரண்டு கையாலும் ஊக்கைப் பிடுங்கினேன்.

முந்தானை தோளை விட்டு ஒரே ஓட்டமாகச் சக்கரத்துக்குள் ஓடியது. சக்கரம் பூட்டிக்கொண்டது. சேலை பாதியில் கிழிய, வண்டி சறுக்கி என்னை மலைப்பக்கச் சேற்றில் தள்ளியது. இவர் கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தார். முன்சக்கரம் சுவருக்கு வெளியே, பள்ளத்துக்கு மேலே தொங்கியது. முழங்கை கிழிந்து ரத்தம் ஒழுக ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

கீழே போன காலி லாரி ஒன்றில் வண்டியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள். கிளீனர் கொடுத்த துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் என்னைப் பார்த்ததும் சுருளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. எழுந்து வந்து கம்பித் தடுப்பைத் தடவிப் பார்த்தார். ஒரு கம்பிகூட வளையவில்லை. விரல் நுழையாத இடத்தில் என் முந்தானை முழுவதும் எப்படிப் போனது என்று நான் கேட்டேன். அவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"என் பொண்டாட்டி மாயக்கா. தேக்கடியில போட்டுல போகணும்னு ஆசப்பட்டா. மஞ்சச் சேலை, தோள்ல ஊக்கு. வழியெல்லாம் சேலை சேலைன்னு கத்தியிருக்காக. எனக்குக் காத்துல கேக்கல."

தடுப்பை அதற்குப் பிறகுதான் போட்டாராம். வண்டியை விற்றுப் பார்த்தார், வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ஆண்கள் மட்டும் போனால் ஒன்றும் நடக்காது. அச்சில் சுற்றின நூலை எத்தனையோ தடவை அறுத்து எறிந்தாராம். சக்கரத்தையே மாற்றினாராம். காலையில் பார்த்தால் மறுபடியும் இருக்கும்.

பேசிக்கொண்டே என் பச்சைத் துணியை உருவி எடுத்தார். பிறகு அச்சை விரலால் தடவினார். திருப்பித் திருப்பித் தடவினார். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தார்.

மஞ்சள் நூல் அங்கே இல்லை.

"இத்தன நாளும் இங்கனதான் இருந்தா," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சொன்னார்.

இருட்டுவதற்குள் ஊர் போய்விடுங்கள் என்று அவரே பஸ் ஏற்றிவிட்டார். மழைக்காக ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தார்கள். இவர் ஜன்னல் பக்கம், நான் உள்ளே. கிழிந்த சேலையின் மிச்சத்தை இடுப்பில் சொருகி, மேலே துண்டைப் போர்த்தி, இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உத்தமபாளையம் தாண்டியதும் வெளியே யாரோ பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார்கள். விசில் கேட்டது. பஸ் நின்றது. கண்டக்டர் எங்கள் சீட்டுக்கு வந்தார்.

"ஆத்தா, உங்க சேலை வெளிய தொங்கி டயருக்குள்ள போகுதாம். உள்ள இழுத்துக்கங்க."

ஜன்னல் அடைத்துத்தான் இருந்தது. யாரையும் எதையும் சந்தேகப்படாத மனுஷன், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன கலருன்னு கேளுங்க."

கண்டக்டர் படிக்கட்டுக்குப் போய்க் குனிந்து விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

"மஞ்சளாம்."

என் இடுப்பில் சொருகியிருந்த நுனி மெல்ல உருவியது.