கழுவிய குப்பி

காலி என்று எழுதி வைத்த குப்பிக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

முந்தின நாள், பழம்பொருளுக்கு மதிப்புச் சொல்லும் அவரே பார்த்து, அவரே சொல்ல, எதிர் மேசையில் மகள் தட்டச்சு செய்த வரி அது: சீனத்து மூக்குப்பொடிக் குப்பி, படிகக் கல், கட்டைவிரல் உயரம், காலி. குப்பிக்கு நூற்றிருபது வயதாவது இருக்கும். வாய் அவ்வளவு குறுகல், ஒரு பட்டாணி நுழையாது. புதுக் குப்பிகளில் தூரிகை வசதியாகப் போய்வர வாயை அகலமாகத் துளைத்துவிடுவார்கள். இதன் உள்பக்கம் கையால் குடைந்து, மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கிச் சொரசொரப்பாக்கியது. உள்ளே படம் எழுதுவதற்காகத்தான் அந்தப் பாடு. படம்தான் இல்லை. அடியில் தண்ணீர் காய்ந்த வளையம் மட்டும்.

"எவனோ கழுவித் தொலைச்சிருக்கான். பசை கலந்த சாயம், தண்ணி பட்டா போச்சு. படம் இருந்திருந்தா இதை வித்து ஒரு கார் வாங்கலாம். இப்ப ஒரு டயர் தேறும்."

"அதுவும் பஞ்சர் ஒட்டின டயர்," என்றாள் மகள்.

அவர் சிரிக்கவில்லை. அவள் பேச்சுக்கு அவர் சிரித்துப் பல வருடங்கள் ஆகின்றன.

இப்போது புள்ளிகள். குப்பி இரவெல்லாம் பூட்டிய இழுப்பறையில் இருந்தது. சாவி அவர் இடுப்பில். ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தார். தூசியோ பூஞ்சையோ அல்ல. வளைந்த தூரிகையின் நுனி வைத்துச் சுழற்றி எடுத்த, நல்ல கைக்காரன் ஒருவனின் புள்ளிகள். அவற்றுக்குக் கீழே, பக்கத்துக்கு ஐந்தாக, வெளிறிய பத்துப் பிறைகள். பூவின் இதழாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நேற்று கவனிக்காமல் விட்டிருக்கிறோம், கண் போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மத்தியானம் மறுபடி எடுத்தபோது புள்ளிகளைச் சுற்றி இமைமுடிகள் முளைத்திருந்தன.

மூடியைத் திறந்து முகர்ந்தார். குப்பியின் வாயிலிருந்து பழைய புகையிலை வாசனை வர வேண்டும். ஈரப் பசை வாசனை வந்தது. இன்னும் காயாத வாசனை.

காகிதத்தில் படம் எழுதுபவன் முகத்தைப் போட்டுவிட்டுத்தான் கண் வைப்பான். குப்பிக்குள் எழுதுபவனுக்கு எல்லாம் தலைகீழ். பார்ப்பவனுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டியது முதலில் கல்லில் படிய வேண்டும். முதலில் கண்மணி, அப்புறம் இமை, பல், தழும்பு. தோல் அதற்கு மேல். ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ, அது எல்லாவற்றுக்கும் கடைசியில். முப்பது வருடமாகக் குப்பிகளின் வயதையும் விலையையும் சொல்லிப் பிழைப்பவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஒரு படம் பாதியில் இருந்து முழுதாவதை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

சாயங்காலம் தழும்பு வந்தது. இடது கண்ணுக்கு மேலே, புருவம் இன்னும் வராத இடத்தில், புருவத்தை வெட்டுகிற சாய்ந்த வெள்ளைக் கீற்று.

அந்தத் தழும்பைப் போட்டவர் அவர். மகளுக்கு ஒன்பது வயதில், அவள் கை தவறி ஒரு குப்பி உடைந்தது. கையில் இருந்த லென்ஸை வீசினார். முதலில் குப்பியின் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தார்.

குப்பியைக் கொண்டுவந்து கொடுத்த தரகருக்குப் போன் செய்தார்.

"காலிக் குப்பின்னுதான் சார் வாங்கினேன். படம் வந்திருக்கா? அப்ப நல்லதுதானே, விலை ஏறுமே!"

"யாருகிட்ட வாங்கினீங்க?"

"ஒரு தனியாள், சார். பெரிய வீடு, வீட்ல வேற ஒருத்தரும் இல்ல. நாலு தட்டு கழுவிக் கவுத்திருந்துச்சு, ஆனா ஒருத்தரும் இல்ல. காசே வேணாம், எடுத்துட்டுப் போன்னு அழுதாரு. தண்ணி போட்டிருந்தாரு போல."

மூன்றாம் நாள் வானம் மூடியிருந்தது. மகள் வழக்கம்போல எதிர் மேசையில், சுவரோரம், அரைகுறையாகச் சாத்திய அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவர் குப்பியை உயர்த்திப் பிடித்தார். உள்ளேயும் அதே அலமாரி. அதே அரைகுறைக் கதவு. சுவரில் விரிசல் அதே இடத்தில். தோல் பூசி முடிந்த மகள், தோளும் கையுமாக. பத்துப் பிறைகளும் அவள் தோள்களின் மேல், பக்கத்துக்கு ஐந்தாக, அழுந்தி உட்கார்ந்திருந்தன.

இதழ்கள் இல்லை. நகங்கள்.

விரல்கள் இன்னும் வரவில்லை. அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கும் கூடுதலாக, ஒரு இடம் மட்டும் நிரப்பாமல் விடப்பட்டிருந்தது. சுற்றிலும் சுவரின் நிறம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகளுக்குப் பின்னால் அலமாரியும் சுவரும்தான் இருந்தன.

"கொஞ்ச நேரம் வெளிய போய் இரு."

"எதுக்கு?"

"சொன்னா போயேன்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கெஞ்சுங்க, போறேன்." அவள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "காலைலேர்ந்து இங்க ஒரே இறுக்கம். உங்க நாற்காலி ராசி."

குப்பியைப் பார்த்தார். நகங்களுக்குப் பின்னால் முதல் விரலின் நிறம் ஏறியிருந்தது.

உடைக்கலாமா? உள்ளே அவள் இருக்கிறாள். உடைக்க முடியாது. யோசித்தார். கடைசியாகப் படிந்ததுதான் முதலில் கரையும். அது உள்பக்கம் மேலாக இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர். பின்னால் இருப்பது போய்விடும், முன்னால் இருப்பது நிற்கும். பிறகு உடனே கவிழ்த்து உலர்த்திவிடலாம். அவரைவிட இதை யார் சரியாகச் செய்துவிட முடியும்?

தடுப்புக்குப் பின்னால் இருந்த தொட்டிக்குப் போனார். குழாயைச் சொட்டும் அளவுக்குத் திறந்து, குறுகிய வாய்க்குள் பத்துச் சொட்டு விட்டு, ஒருமுறை மெல்லக் குலுக்கினார். கவிழ்த்தார். சுவரின் சாம்பல் நிறம் ஒழுகியது. அலமாரியின் மரநிறம். அப்புறம் பெயரில்லாத ஒரு கறுப்பு.

நெஞ்சு லேசானது.

"அப்பா, குளிருது. ஜன்னலைச் சாத்துங்க."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. அவர் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். விரலின் நிறம் இன்னும் கொஞ்சம் மிச்சம். மறுபடி பத்துச் சொட்டு. குலுக்கினார். கவிழ்த்தார்.

இந்த முறை ஒழுகியது தோலின் நிறம்.

கவிழ்த்துப் பிடித்தார். உதறினார். துணியைத் திரித்து வாய்க்குள் நுழைத்தார். நிற்கவில்லை. குப்பிக்குள் இருந்த தண்ணீரைவிட அதிகமாக ஒழுகியது. தொட்டி முழுக்க இளம்பழுப்பு. வெதுவெதுப்பு. அவருக்குத் தெரிந்த வாசனை. எண்ணெய் தேய்த்த தலையின் வாசனை.

"ரொம்பக் குளிருதுப்பா."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

கடைசிச் சொட்டும் விழுந்தது. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முதலில் எழுதியது எதுவோ அது கல்லோடு ஒட்டி நிற்கும். எது முதலில் எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

தடுப்பைத் தாண்டி வந்தார்.

நாற்காலியில் உடுப்பு சரிந்து கிடந்தது. அதற்கு மேலே, அவள் முகம் இருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு கண்மணிகள். சுற்றி இமைமுடிகள். ஒரு சாய்ந்த வெள்ளைக் கீற்று. இரண்டு வரிசைப் பற்கள். கீழே, தோள் இருந்த இடத்தில், பிடித்த பிடி விடாத பத்து நகங்கள்.

கண்மணிகள் அவர் பக்கம் திரும்பின. இமைமுடிகள் ஒருமுறை மூடித் திறந்தன. தனக்கு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னப்பா பார்வை?" பற்கள் அசைந்தன. எதிரே இருந்த தட்டச்சு விசைகள் ஒவ்வொன்றாகத் தானே அமுங்கின. "சொல்லுங்க. வயசு என்னன்னு போடட்டும்?"