காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

இதனால் உலக மக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்...

வளரும் நாடுகளை வளர்த்தே தீருவது என்று கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்று முடிவு செய்துவிட்டது! பொதுக்கொள்கையில் முதுகலைப் படிப்பு. ஃபீஸ் கிடையாது. விமான டிக்கெட் இலவசம். அறை இலவசம். குளிருக்குக் கோட்டுகூட இலவசம்! பட்டத்தோடு திரும்புகிறவர்கள் தத்தம் நாட்டில் வறுமை, ஊழல், கொசு ஆகியவற்றை ஒழித்துவிட வேண்டியது.

நாட்டுக்கு ஒரே ஒரு சீட்.

அந்த ஒரு சீட்டுக்காக, காலை பதினொன்று இருபதுக்கு, திட்டத் துறை அலுவலகத்தின் பழைய ஃபைல் அறையில், ஒரு தொண்டையில் கத்தி அழுந்தியது!

கவர் கிழிக்கிற கத்தி.

தொண்டை, தேர்வு பெற்ற துணை இயக்குநருடையது. மாலை நாலு மணிக்கு அவருக்குப் பாராட்டு விழா.

கத்தி, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக நின்ற தபால் பிரிவு சூப்பிரண்டுடையது. ஆபீஸில் அவருக்கு ‘நம்பர்’ என்று பெயர். முத்திரை குத்தி, நம்பர் போட்டு, நேரம் எழுதி, இனிஷியல் வைக்காமல் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட மேஜையைத் தாண்டவிட மாட்டார். ஆறு வருஷமாக இதே படிப்புக்கு விண்ணப்பித்தவர். வயது வரம்பு நாற்பது. அதைத் தொட இன்னும் பதினேழே நாள்.

இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

"யோவ் நம்பர்! என்னய்யா இது, விளையாட்டு?"

"கையெழுத்து போடுங்க சார்."

கடிதம் தயாராக இருந்தது. ‘சொந்தக் காரணங்களால் இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம்.’

துணை இயக்குநர் படித்தார். பிறகு...

சிரித்தார்!

"இதுக்கா கத்தி? குடுய்யா பேனாவ!"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"சிரிக்காதீங்க சார்..."

"சிரிக்காம? ஏன்யா, காலைலயே நான்..."

முடிக்கவில்லை. இரும்பு பஞ்சிங் மெஷின் அவர் நெற்றியில் இறங்கியது.

ணங்!

இரண்டாவது அடிக்கு மூக்கு இல்லை. மூன்றாவதுக்குப் பற்கள் சிதறின. தடுக்க வந்த கை அலமாரியைப் பிடித்து இழுக்க, முப்பது வருஷமாக யாரும் திறக்காத வறுமை ஒழிப்பு ஃபைல்கள் மளமளவென்று அவர் மேல் சரிந்தன. ரத்தத்தை உறிஞ்சின. அந்த ஃபைல்களால் நடந்த முதல் உபயோகம் அதுதான்!

நம்பர், சட்டையில் ரத்தம் படாமலிருக்க மாட்டிக்கொண்டு வந்த மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டினார். கடிதத்தை உரிய முறைப்படி செத்தவரின் மேஜையில் சேர்த்தார். பின்படி வழியாக இறங்கிப் போனார்.

பன்னிரண்டே காலுக்கு டைப்பிஸ்ட் அலறினாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. குட்டை உருவம், அகலமான மணிக்கட்டு. நம்பரின் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் எங்க சார் இருந்தீங்க?"

"பல் டாக்டர் வாசல்ல மேடம். ஒரே கூட்டம். பார்க்காமலே வந்துட்டேன்."

"பாவம். உங்களுக்கு எங்க போனாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான் போல."

நம்பர் பல் வலிப்பது போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க முத்திரை வேற யார் கையிலயாவது...?"

"என் பொண்டாட்டிகூட தொட முடியாது மேடம்!" மார்பு அரை அங்குலம் விரிந்தது. "பூட்டு, சாவி, எல்லாம் என் இடுப்புல."

"சபாஷ். அப்ப இது என்ன?"

கடிதத்தை நீட்டினாள். செத்தவர் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஊதா மையில், கொஞ்சமும் கோணாமல்...

‘பெறப்பட்டது. எண் 4417. நேரம் 11.32.’

கீழே நம்பரின் இனிஷியல்!

"பதிவேட்டுலயும் ஏத்தியிருக்கீங்க. கொலை பண்ணிட்டு நேரா போய் முத்திரை குத்தியிருக்கீங்களேய்யா!"

"நம்பர் போடாம... எப்படி மேடம் வெக்கிறது?"

கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்த விநாடி கவர் கத்தி பாய்ந்தது! இன்ஸ்பெக்டரின் தோள் கிழிந்தது. அவள் பின்வாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். முறுக்கினாள்.

மளுக்!

நம்பர் அலறினார். தலை மேஜையில் மோதியது. இன்னொரு தடவை மோதியது. இரண்டாவது தடவை சட்டப்படி தேவையில்லைதான். தோள் எரிந்தது அவளுக்கு.

விலங்கு மாட்டினாள்.

"ஒரே ஒரு சந்தேகம். ஆபீஸ் மெயில் பார்க்கிற வழக்கம் உண்டா?"

"பிரிண்ட் எடுத்து... நம்பர் போட்டுத்தான்... படிப்பேன்." வாயில் ரத்தம் குமிழியிட்டது. "பிரிண்டர் மூணு நாளா ரிப்பேர்."

"நான் பார்த்தேன். உங்க துணை இயக்குநருக்குப் பிரமோஷன் வருதாம். வெளிநாடு போனா நாற்காலி பறிபோயிடும்னு, படிப்பே வேணாம்னு காலைல ஒம்போது பத்துக்கே பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டுட்டாரு. விழா முடியற வரைக்கும் வெளியில மூச்சு விட வேணாம்னு இருந்திருக்காரு. மரியாதை முக்கியமாச்சே!"

நம்பர் நிமிர்ந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"அப்ப... அந்த சீட்டு?"

"பத்து அஞ்சுக்கே உங்களுக்கு மெயில் வந்துடுச்சு சார். வாழ்த்துகளாம். கோட்டு என்ன சைஸுன்னு கேட்டிருக்காங்க."

அந்த வருஷம் அந்த நாட்டிலிருந்து யாரும் படிக்கப் போகவில்லை.

நாலு மணி விழாவுக்குச் சொல்லி வைத்திருந்த பூக்கள் மட்டும் வீணாகவில்லை.