வாய்க்குள் மூன்று விரல்

பானிபூரிக்கார பையா முதல் பூரியை நீட்டியதுமே கர்சன்பாய் ஒதுங்கி நின்றுகொண்டார்.

"ஏன் கர்சன்பாய், என் பூரி மேல கோவமா?" என்றார் பையா. "முன்னெல்லாம் அப்பாவும் மகளும் போட்டி போட்டுத் தின்னுவீங்களே!"

"காரம் ஒத்துக்கல."

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. மகள் ஹேத்வி தன் பூரியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளாகவே அப்பா இப்படித்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து கிச்சடியைக் கரைத்துக் குடிக்கிறார். சிரிப்பதே இல்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு சக்கடோ இருந்தது. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் ஆட்கள் ஏறும் தொட்டி. "ஜஸ்தண்! ஜஸ்தண்!" என்று போகும் ஊரின் பெயரைப் பேருந்து நிலையமே அதிரக் கூவி அதற்கு ஆள் சேர்ப்பவர், இப்போது முணுமுணுக்கிறார். வருகிறவர்கள் அடுத்த வண்டியில் ஏறிவிடுகிறார்கள். அப்பாவுக்குத் தன்மேல் என்ன கோபமோ என்று ஹேத்வியின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அப்பா அவளை இன்னும் கூப்பிடுவார்.

"ஹேது, இந்தா. தேச்சுக் குடு."

மாவாப் பொட்டலம்! பாக்குச் சீவல், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் தாளில் மடித்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார்கள். அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் கரகரவென்று தேய்க்க வேண்டும். அந்த ஊரில் கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் வந்தவர்களுக்கு முதலில் டீ, அப்புறம் மாவா.

"என் மக கை பட்டாதான் இதுக்கு ருசியே," என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்டால் ஹேத்விக்குத் தலைகால் புரியாது. கை சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர் வந்தார். பல் எப்படித் தேய்ப்பது என்று ஒரு பெரிய பொம்மைப் பல்லை வைத்துக் காட்டினார். பிறகு, "நடுவுல இருக்கிற மூணு விரலையும் ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வெச்சு வாய்க்குள்ள விடுங்க பார்ப்போம்!" என்றார்.

எல்லோருக்கும் மூன்று விரலும் போனது. தேவராஜ் நாலு விரலையும் விட்டுக் காட்டினான்.

"போதும்டா சாமி, விட்டா உள்ளே ஒரு சக்கடோவையே ஓட்டிடுவே," என்றார் டாக்டர். வகுப்பு குலுங்கிச் சிரித்தது.

டாக்டர் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "இது என்ன?"

"மாவா!" என்று வகுப்பே பாட்டுப் போலச் சொன்னது.

"இதைப் போடப் போட, கன்னத்துக்குள்ள இருக்கிற சதை கயிறு மாதிரி இறுகிடும். முதல்ல காரம் பட்டா எரியும். அப்புறம் வாயே தொறக்காது. அப்பவும் விடலைன்னா, வாயில புற்றுநோய் வந்து உசுரே போயிடலாம்."

ஹேத்வி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பாவாடையில் அவற்றை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். ஐயோ, அப்பாவுக்கு இத்தனை நாளும் தேய்த்துக் கொடுத்தது நானாச்சே!

சாயங்காலம் அப்பா பொட்டலத்தை நீட்டினார். ஹேத்வி வாங்கவில்லை.

"முதல்ல ஒரு விளையாட்டுப்பா. மூணு விரலை வாய்க்குள்ள விடுங்க. நான் விடறேன், பாருங்க."

அப்பா விளையாட்டாகத்தான் கையைத் தூக்கினார். ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் பல்லில் இடித்து நின்றது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"எங்கே கத்துக்கிட்டே இந்த வேலையெல்லாம்? தள்ளு! நானே தேச்சுக்கிறேன்."

"பள்ளிக்கூடத்துல பல் டாக்டர் சொன்னார்ப்பா, மாவா போட்டா வாயே தொறக்காதாம்!"

அம்மா ஜசுபென் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இதைத்தான் இத்தனை நாளா மறைச்சீங்களா? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"என் கூட்டாளி லாலாபாய் போனானே, என்ன ஆச்சு? பாதித் தாடையை அறுத்து எடுத்தாங்க. அப்புறம் அவனைத் தூக்கிட்டுப் போனதுல ஒரு தோள் என்னோடது. நான் வரலை!"

ஹேத்விக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பாவுக்குக் கோபம் இல்லை, பயம். பயந்தவரிடம் சண்டை போட்டு என்ன பிரயோசனம்?

மறுநாள் காலை அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு விரலைப் பல்லுக்கு நடுவே வைத்து அளந்துகொண்டாள். அந்த அளவுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தடித்த கம்பு ரொட்டி உதட்டில் இடித்து உதிர்ந்தது. மோரைக் குடித்தால் பாதி மோவாயில் வழிந்தது.

"என்னடி கூத்து இது? ஒழுங்காத் தின்னு!" என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு எவ்வளவு தொறக்குதோ, எனக்கும் அவ்வளவுதான். தேச்சுக் குடுத்தது என் கைதானே?"

அப்பா எழுந்து போய்விட்டார்.

மதியமும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் தேவராஜ் கொடுத்த மாம்பழத் துண்டைக்கூட அவள் தொடவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது அவள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. அப்பா நெய்யும் வெல்லமும் வைத்து ஒரு ரொட்டித் துண்டை அவளிடம் நீட்டினார். அவளுக்கு உயிர் அது. ஹேத்வி அதைக் குச்சி குச்சியாகப் பிய்த்துப் பல்லிடுக்கில் திணித்தாள். கன்னமெல்லாம் நெய்.

"நான் சாப்பிடறதும் இப்படித்தான் இருக்குமா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்பா."

அப்பா குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஹேத்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு ஹேது."

"எனக்கும்தாம்பா. நானும் கூட வரேன்."

அவர் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "தேய்க்க வேண்டாம். குப்பையில போடு. நாளைக்கு உன் டாக்டரைப் போய்ப் பார்க்கலாம். இப்பவாவது வாயைத் தொறந்து தின்னும்மா!"

ஆஸ்பத்திரியில் டாக்டரின் சின்னக் கண்ணாடியே அவர் வாய்க்குள் போகத் திண்டாடியது. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகியிருந்தது. ப்ரஷ் அங்கே எட்டிப் பல நாளாகிவிட்டதாம். "இதைப் பிடுங்கணும். ஆனா இடுக்கியை விடவே வழி இல்லையே," என்றார் டாக்டர். கன்னத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரும்வரை அப்பா வண்டியை எடுக்கவில்லை. சக்கடோ சத்தம் கேட்காத அந்த நாட்களை ஹேத்வி என்றைக்கும் மறக்கமாட்டாள்.

"புற்றுநோய் இல்லை," என்றார் டாக்டர். ஜசுபென் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆனா வாய் பழையபடி முழுசாத் தொறக்காது. மாவாவை மறுபடி தொட்டா, அப்புறம் என்கிட்ட அழக் கூடாது."

கன்னத்தில் ஊசி போட்டார்கள். தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பழகச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைக் கூட்ட வேண்டும். குச்சிக்கு எங்கே போவது? ஹேத்வி பள்ளிக்கூடத்தில் ஐஸ் குச்சி சேகரித்தாள். "உங்கப்பாவுக்காகத்தான் தின்னுறேன்," என்று சொல்லித் தேவராஜ் தினமும் ஐஸ் தின்றான். அம்மா குச்சிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள்.

மாவா தேய்த்த கையால் ஹேத்வி குச்சியைச் செருகினாள். அப்பாவின் கண்ணில் நீர் வழியும். சில நாள் மாவா இல்லாமல் வெறி பிடித்து வண்டிச் சக்கரத்தை உதைப்பார். "பொண்ணு பேச்சுக்கு ஆடறியாமே!" என்று வெற்றிலைக் கடையில் கூட்டாளிகள் கிண்டல் செய்தார்கள். வாய் நிறையக் குச்சி. அவரால் திருப்பித் திட்டக்கூட முடியவில்லை.

மழைக்காலம் போனது. சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். நவராத்திரிக் கடைகள் தெருவில் வந்தன.

"பையா, இருக்கிறதுலயே சின்ன பூரியா பார்த்துக் குடுங்க," என்றாள் ஹேத்வி. "காரத் தண்ணி வேண்டாம். இனிப்பு மட்டும்."

அப்பா வாயைத் திறந்தார். இரண்டு விரலுக்கு மேல் ஒரு இம்மி. பக்கத்தில் நின்ற ஹேத்வியின் வாயும் தானாகத் திறந்துகொண்டது. பூரி பல்லில் லேசாக உரசி, உள்ளே போய்விட்டது. பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

"எரியுதாப்பா?"

அப்பா மென்று விழுங்கினார். முகவாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன ஹேது, போட்டிக்கு வரியா?"