தனக்கொடிக்குக் கண் திறந்த பக்கம்

கைப்பேசியின் முகப்புப் படத்தில் நிவேதா கண்ணை மூடியிருந்தாள்.

மணி பார்க்கத்தான் ஜெயசித்ரா கைப்பேசியை எடுத்திருந்தாள். அது திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து எடுத்த படம். மகளின் கண்கள் அவ்வளவு விரிந்து, அவ்வளவு சிரித்து வந்திருந்ததால்தான் அதை முகப்பில் வைத்திருந்தாள். அன்றைக்கு வரிசையாகப் பல படங்கள் எடுத்தாளே, அதில் இமைத்த படம் ஒன்று எப்படியோ இந்த இடத்துக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே கிருமாம்பாக்கம் கடலூர் சாலையில் பஸ்கள் தேங்கிய தண்ணீரை இரண்டு பக்கமும் சீறியடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு முறையும் பாதி இறக்கியிருந்த ஷட்டரில் தண்ணீர் அறைந்து, பிறகு சொட்டுச் சொட்டாக வடியும் சத்தம் கேட்டது. அவள் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. மழை ஈரத்தில் பின்னணித் துணிகள் நனைந்த நாயின் வாடை வீசின. பாஸ்போர்ட் படம் எடுக்கும் மூலையில், நீலத் துணிக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் நிவேதா தூங்கிக்கொண்டிருந்தாள். மழைக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதி நாளில் விட்டுவிட்டார்கள். சீருடையோடு நேராக இங்கேயே வந்து படுத்துவிட்டாள். புருஷன் போன பிறகு ஜெயசித்ராவுக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. முதலாளி பாக்யராஜ் அண்ணன் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் என்பது ஒரே படம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள். அடியில் பின்னணி, அதன்மேல் மணமக்கள், அதற்கும்மேல் பூவேலை. ஒவ்வொரு தாளுக்கும் லேயர் என்று பெயர். தனித்தனியாக இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் நகர்த்தலாம், அழிக்கலாம், பழையபடி ஆக்கலாம். எல்லாவற்றையும் அழுத்தி ஒரே தாளாக்குவதற்கு ஃப்ளாட்டன் என்று பெயர். அதைச் செய்து சேமித்து மூடிவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது. கலந்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் பிரிக்கிற மாதிரிதான்.

விளிம்பை மென்மையாக்குவதையும் காட்டினார். ஒரு முகத்தை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டினால் கத்தரிக்கோல் பட்டது தெரியும். ஃபெதர் என்ற எண்ணைக் கூட்டினால் விளிம்பு புகைமாதிரி கரைந்து பக்கத்தோடு சேர்ந்துவிடும். எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவுக்கு, வெட்டிய துண்டோடு சுற்றியிருப்பதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கடைசியில் மாற்றிய எண் அப்படியே நிற்கும், அடுத்த வேலைக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலை அவள் தனியாகச் செய்து முடித்தது செலியமேட்டுக் கல்யாண ஆல்பத்தின் முக்கியமான பக்கம். மணப்பெண் செல்வகுமாரியின் அம்மா தனக்கொடி ஆடி மாதத்தில் இறந்துபோனாள். கல்யாண குரூப் படத்தில் அவளையும் சேர்க்க வேண்டும் என்று அப்பா ராசு கேட்டிருந்தார். எல்லா வீட்டிலும் கேட்பதுதான். ஆனால் தனக்கொடி உயிரோடு இருந்தபோது வாக்காளர் அட்டைக்குத் தவிர கேமரா முன்னால் நின்றதே இல்லை. அந்த அட்டையில் இருந்ததும் ஒரு கறுப்புத் திட்டுதான். நல்ல படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, பாக்யராஜ் அண்ணன் சாவு வீட்டில் எடுத்தது. பட்டுப் புடவை கட்டி, முகம் முழுக்க மஞ்சள் பூசி, நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். நெற்றியில் காசு. தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணிக்கீற்று.

காசை எடுப்பதும் துணியை மறைப்பதும் சுலபம். பக்கத்துத் தோலை எடுத்து மேலே பூசிக்கொண்டே போனால் போதும். மஞ்சளையும் குறைத்துவிடலாம். கண் திறப்பதுதான் கஷ்டம். அதற்காக அண்ணன் கம்ப்யூட்டரில் ‘கண்’ என்றே ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். அதில் இருந்த கண்களெல்லாம், முன்பு படம் எடுத்துக்கொண்டு பிறகு இறந்துபோனவர்களுடையவை. செத்தவர்களுக்குச் செத்தவர்கள் கண்ணைத்தான் வைக்க வேண்டும், ஏன் என்று கேட்காதே என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் தேடித்தான் பார்த்தாள். கண்ணைப் பொருத்த முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். கருவிழிக்குள் தெரியும் வெள்ளைப் புள்ளிதான் அதற்குச் சாட்சி. தனக்கொடிக்கு வெளிச்சம் இடப்பக்கம். ஃபோல்டரில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கைப்பேசியிலிருந்து ஏற்றிப் பார்த்த, ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்ற நிவேதாவின் படம் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

காப்பிதானே எடுக்கிறோம் என்று நினைத்தாள். காப்பி எடுத்தால் மூலம் அப்படியே இருக்கும். காப்பி என்பதற்கு அதுதான் அர்த்தம்.

ஒட்டினாள். விளிம்பு தெரியாதபடி ஃபெதரைக் கூட்டினாள். கண்ணைச் சுற்றி லேசாகச் சுருக்கம் போட்டாள். தனக்கொடி அவளைப் பார்த்தாள். அவ்வளவு நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே தாளாக்கி, அதே பெயரில் மூலத்தின்மேலேயே சேமித்து, மூடினாள்.

இப்போது கைப்பேசியில் மற்ற படங்களைத் தள்ளிப் பார்த்தாள். பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் நிவேதா கண்ணை மூடியிருந்தாள். பள்ளி ஆண்டுவிழாவில், மேடையில், மற்ற பிள்ளைகளெல்லாம் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் கண்ணை மூடியிருந்தாள். கைக்குழந்தையாக மடியில் கிடந்த படத்திலும்.

மென்பொருள் ஏதோ செய்துவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். கைப்பேசியும் கம்ப்யூட்டரும் எங்காவது இணைந்திருக்கும். வைரஸாக இருக்கும். எழுந்து பெஞ்சுக்குப் போனாள். மகளின் கழுத்தில் பள்ளி அடையாள அட்டை தொங்கியது. காகிதத்தில் அச்சடித்து பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை. அதை எதோடும் இணைக்க முடியாது.

அட்டையிலும் மூடியிருந்தாள்.

“நிவே, எழுந்துரும்மா.”

நிவேதா உடனே பதில் சொன்னாள். முன்பே விழித்துக்கொண்டு படுத்திருந்தவள்போல. “நான் தூங்கல மா.”

“அப்ப கண்ணத் தொற.”

“தொறந்துதான் இருக்குது.”

இமைகள் மூடியிருந்தன. ஜெயசித்ரா கட்டைவிரலால் மெல்ல மேலே தள்ளிப் பார்த்தாள். அவை நகரவில்லை. ஒட்டியிருப்பதுபோலவும் இல்லை, திறப்பதற்கென்று விளிம்பே இல்லாததுபோல இருந்தது.

“இன்னா தெரியுது ஒனக்கு?”

“நாற்காலி தெரியுது. கம்ப்யூட்டர் மேசைக்கு எதுருல இருக்குமே, அது. நீ இவ்ளோ நேரம் அதுலதான உக்காந்துகினு என்னப் பாத்த? ஏன் மா எழுந்து போயிட்ட?”

மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. ஜெயசித்ரா திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. திரையில் அவள் மூடிவிட்ட பக்கம் திறந்திருந்தது.

“பக்கத்துல நிறைய பேரு நிக்கறாங்க, கல்யாணப் புடவ கட்டிகினு. யாருமே திரும்ப மாட்டறாங்க. என்னால நகர முடியல மா.” நிவேதாவின் குரல் மெலிந்தது. “காலு வெரல சேத்துக் கட்டியிருக்குது.”

பெஞ்சின்மேல் அவள் கால்கள் அகன்று கிடந்தன. எதுவும் கட்டியிருக்கவில்லை.

பாக்யராஜ் அண்ணன் கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தார். மேளச் சத்தத்தின் நடுவே, அவள் போனில் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டார். முதலில் திட்டினார். பிறகு மேளத்தை விட்டு விலகி எங்கோ வந்து நின்றார். சத்தம் அடங்கியது.

“யார் கண்ண எடுத்த?”

அவள் சொன்னாள்.

“பிரிண்ட் போட லேப்புக்கு அனுப்பிட்டியா?”

“இல்லண்ணே.”

“எடுத்தத எடுத்த எடத்துலயே வெச்சிடும்மா. கண்ண மட்டும் எடு. அந்தம்மாகிட்டேருந்து வேற எதுவும் கூட வரக்கூடாது. புரியுதா? நான் வரேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இப்பத் தெரியற மா,” என்றாள் நிவேதா பின்னாலிருந்து. “அழாத.”

அந்த நேரத்தில் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, மின்விசிறி தேய்ந்து நின்றது. திரை மட்டும் யூ.பி.எஸ்ஸில் எரிந்தது. மேசைக்கடியில் அது கத்த ஆரம்பித்தது. பேட்டரி பழையது. அதிக நேரம் தாங்காது.

பழையபடி ஆக்கும் கட்டளையைக் கொடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூடித் திறந்த படத்துக்குக் கடந்தகாலம் கிடையாது. மூலத்தைத் தேடினாள். அதன்மேல்தான் அவளே சேமித்திருந்தாள். பக்கத்தைப் பெரிதாக்கினாள். தனக்கொடியின் முகம் திரை முழுக்க நிறைந்தது. காலையில் அவள் பூசி மறைத்த இடங்களில் வெள்ளைத் துணியின் நிழல் இப்போது லேசாகத் தெரிந்தது. தோலுக்கடியில் மஞ்சள் ஊறி மேலே வந்துகொண்டிருந்தது.

நடுவில் அந்தக் கண்கள். நிவேதாவின் கண்கள். அவள் மவுஸை நகர்த்த நகர்த்த அவையும் நகர்ந்தன.

“யம்மா, சீக்கிரம். இங்க ஒரு வாடை அடிக்குது.”

“இதோ, கண்ணு. இதோ முடிஞ்சிது.”

கண்ணைச் சுற்றிக் கோடு இழுத்தாள். கோடு வளைந்தது. மறுபடி இழுத்தாள். யூ.பி.எஸ் வேகமாகக் கத்தியது. இந்த முறை காப்பி இல்லை. கட்.

தனக்கொடியின் முகத்தில் இரண்டு வெள்ளைக் குழிகள்.

பின்னால் நிவேதா பேசுவதை நிறுத்தினாள்.

ராட்டினப் படத்தைத் திறந்தாள். மூடிய இமைகள். ஒட்டினாள். இடத்தில் பொருத்தினாள். விளிம்பு தெரியவே இல்லை. புகைமாதிரி கரைந்து சேர்ந்தது. நன்றாக வந்துவிட்டது. ஒரே தாள். சேமி. சேமித்தது.

அப்போதுதான் மேலே அந்த எண்ணைப் பார்த்தாள். ஃபெதர். காலையில் கூட்டியது. குறைக்கவே இல்லை.

திரை அணைந்தது.

கத்தலும் நின்றது. மழை மட்டும்.

கையால் தடவிக் கைப்பேசியை எடுத்தாள். முகப்புப் படத்தில் நிவேதாவின் கண்கள் திறந்திருந்தன. ஜெயசித்ராவின் தொண்டையிலிருந்து சிரிப்பும் அழுகையுமாக ஏதோ வந்தது.

“நிவே? இப்பத் தெரியுதா?”

பெஞ்சு கிறீச்சிட்டது. எழுந்து உட்காரும் சத்தம்.

“நிவே?”

டார்ச்சைப் போட்டாள்.

நீலத் துணிக்கு முன்னால் மகள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். படத்துக்கு உட்காருவதுபோல. கைகள் முழங்கால்மேல். கண்கள் திறந்திருந்தன. நிவேதாவின் கண்கள்தான். அவற்றைச் சுற்றி, தோலோடு தோலாகக் கரைந்து, மஞ்சள்.

இமைக்கவில்லை.

கருவிழிக்குள் வெள்ளைப் புள்ளி. இடப்பக்கம். ஜெயசித்ரா டார்ச்சை வலப்பக்கம் கொண்டுபோனாள். புள்ளி நகரவில்லை. அந்த வெளிச்சம் இந்த அறையில் இல்லை.

“யம்மான்னு ஒரு வாட்டி கூப்புடுடி,” என்றாள். கெஞ்சினாள். “ஒரே ஒரு வாட்டி.”

வாய் திறக்கவில்லை. தாடை மேலே ஏறி இறுகியிருந்தது.

டார்ச் வெளிச்சம் கீழே இறங்கியது. சீருடைப் பாவாடை. சேறு படிந்த சின்னக் கால்கள். எந்தத் துணியும் இல்லை, எந்த முடிச்சும் இல்லை. கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. அவற்றின் சதையில், எதுவோ இறுக்கிக் கட்டியதுபோல, பள்ளம் விழுந்துகொண்டிருந்தது.