நீலக் கோட்டில் தங்கப் பெட்டி

"என் சிகரெட் பெட்டி! வெனிஷியா கொடுத்த பெட்டி! காணோம்!"

ஜூலியன் ஆஷ்மோரின் குரல் கார்லைன் தியேட்டரின் கடைசி வரிசைவரை எட்டும் குரல். அன்று சாயங்காலம் அது ஒப்பனை அறைகள் இருந்த மூன்று மாடிகளையும் உலுக்கியது. ஹெஸ்டர் குவேல் முகத்தில் பூசிய கிரீமைத் துடைக்காமலே ஓடி வந்தாள். ஒன்பது வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவள். அவன் அலறலில் எது நடிப்பு, எது நிஜம் என்று அவளுக்குத் தெரியும். இது நிஜம்தான்.

1936 நவம்பர். மறுநாள் புது நாடகத்தின் முதல் காட்சி. விவாகரத்து வாங்கிய ஜோடி மேடையில் கணவன் மனைவியாக நடிக்கிறது என்பதற்காகவே லண்டன் டிக்கெட்டுக்கு அடித்துக்கொண்டது. மேடை வாசலில் பனிமூட்டத்தில் பெண்கள் கூட்டம் எந்நேரமும் ஜூலியனுக்காகக் காத்து நின்றது. நாடகத்துக்குப் பணம் போட்டவள் லேடி வெனிஷியா கோர்ட். போன மாதம் அவளுக்கும் ஜூலியனுக்கும் நிச்சயதார்த்தம் ஆனது. தங்கத்தில் வைரம் பதித்த அந்தப் பெட்டி, நிச்சயத்துக்கு அவள் கொடுத்த பரிசு.

முழு வேஷ ஒத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. கடைசி வசனம் ஜூலியனுடையது. எல்லா ஒத்திகையிலும் போல அந்த இடத்தில் "லாலல்லா" என்று பாடிவிட்டு ஹெஸ்டரின் கையை முத்தமிட்டான். திரை இறங்கியது. மாடியேறிப் போனால் பெட்டியைக் காணோம்.

"மூணாவது அங்கத்துக்குக் கிளம்பும்போது இதே மேஜை மேலதான் வெச்சேன்," என்றான்.

"போலீஸைக் கூப்பிடுங்க," என்றாள் வெனிஷியா. வெள்ளிநரித் தோல் போர்த்திய நெடிய உருவம். குரலில் பதற்றமே இல்லை.

மாலை ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் கிராப் வந்தார். கனத்த மீசை, நனைந்த தொப்பி. ஜூலியனைப் பார்த்ததும் அந்த மீசைக்குள் ஒரு சிரிப்பு மலர்ந்தது.

"என் சம்சாரம் உங்க பரம ரசிகை, மிஸ்டர் ஆஷ்மோர்."

"அவங்களுக்கு நல்ல ரசனை," என்றான் ஜூலியன், இழவு வீட்டில் வரவேற்கிற குரலில்.

"மூணாவது அங்கத்துல மேடைல இல்லாதவங்க யாரு?"

"அந்த வேலைக்காரி வேஷம் போடற பொண்ணு," என்றாள் வெனிஷியா உடனே. "டிலிஸோ என்னவோ. ரெண்டாவது அங்கத்தோட அவ வேலை முடிஞ்சுடும். அவளோட நீலக் கோட்டுப் பையில முதல்ல பாருங்க."

மேல்மாடியில் துணை நடிகைகள் ஆறு பேருக்கு ஒரே அறை. சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய சீட்டு. டிலிஸ் பிரிட்சார்டின் ஆணியில் நீலக் கோட்டு தொங்கியது. பையில் கை விட்ட இன்ஸ்பெக்டர் பெட்டியோடு கையை வெளியே எடுத்தார்.

டிலிஸுக்கு இருபது வயது. வேல்ஸ் சுரங்க ஊரிலிருந்து வந்தவள். வேலைக்காரி வேஷத்து வெள்ளைத் தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

"நான் எடுக்கல சார். கீழ துணி அறையில ஏப்ரன் இஸ்திரி போட்டுட்டிருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"எல்லாரும் மேடை ஓரத்துல நின்னு நாடகம் பார்த்துட்டிருந்தாங்க."

"அப்ப யாரும் பாக்கல."

"அந்தக் கோட்டை நான் சரியாப் போட்டுக்கூடப் பாக்கல சார்! மிஸ் குவேல் மத்தியானம்தான் குடுத்தாங்க. அவங்க ரூம்லேர்ந்து கொண்டு வந்து நேரா மாட்டுனேன்."

"அதெல்லாம் அங்க வந்து சொல்லு. கிளம்பு, போலீஸ் ஸ்டேஷனுக்கு."

இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போவதை மொத்தக் குழுவும் மாடிப்படியில் நின்று பார்த்தது. திருட்டுப் பட்டத்தோடு ஸ்டேஷன் வாசல் மிதித்த பெண்ணை இனி எந்தத் தியேட்டர் சேர்க்கும்? டிலிஸ் அழவில்லை. உதடு மட்டும் வெளுத்துப் போயிருந்தது. ஹெஸ்டர் படியில் குறுக்கே வந்து நின்றாள்.

"கொஞ்சம் இருங்க இன்ஸ்பெக்டர். எல்லாரையும் விசாரிச்சாச்சா?"

"பொருள் கிடைச்சாச்சே, மேடம்."

"பொருள் கிடைச்சா போதுமா? யார் வெச்சான்னு தெரிய வேண்டாமா? மிஸ்டர் ஆஷ்மோர் அறைல உக்காந்து எல்லாரையும் ஒரு வார்த்தை கேளுங்க. உங்க சம்சாரத்துக்கு இந்த அறையைப் பத்திச் சொல்லவும் விஷயம் கிடைக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது.

அறையில் ஜூலியன் டிலிஸின் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெஸ்டர் அவன் காதருகே குனிந்தாள்.

"இந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லி வெச்ச?"

"ஒண்ணுமில்ல டார்லிங். கண்ணுல ஒரு சோகம் தெரியுதுன்னேன். நடைவழியில ஒரே ஒரு முத்தம். சும்மா, உற்சாகப்படுத்த."

"என் கண்ணுலயும் அதே சோகம்தான் தெரிஞ்சுது உனக்கு. வெனிஷியா பாத்தாளா?"

அவன் அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்தான். பதில் வந்துவிட்டது.

"நான் அவரை முத்தம் கேக்கல," என்றாள் டிலிஸ், அறைக்கே கேட்கும்படி. "தள்ளி விட்டுட்டுதான் போனேன்."

இன்ஸ்பெக்டர் கனைத்தார். "லேடி வெனிஷியா, ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். ஒத்திகை நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"அரங்கத்துல. நடு வரிசையில தனியா. மத்தியானத்திலேர்ந்து எழுந்துக்கவே இல்ல."

"கடைசிவரைக்குமா?"

"கடைசி வார்த்தை வரைக்கும். 'வீட்டை நீங்க ரெண்டு பேரும் வெச்சுக்கோங்க, நாயை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க!' அதை ஜூலியன் சொன்ன அழகு இருக்கே! இருட்டுல தனியா உக்காந்து விழுந்து விழுந்து சிரிச்சேன்."

ஜூலியனின் முகம் வெளுத்தது. மேஜை மரத்தை இரண்டு தடவை தட்டினான்.

"அதை இங்க சொல்லாத, வெனிஷியா!"

"ஏன், என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

அவன் மறுபடி கண்ணாடி பக்கம் திரும்பிக்கொண்டான். தன்னைப் பற்றிய புகழ்ச்சிக்கு ஜூலியன் ஆஷ்மோர் பதில் சொல்லாமல் இருந்ததை ஹெஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள்.

அவள் முகத்துக் கிரீமைத் துண்டால் நிதானமாகத் துடைத்தாள். சிவந்திருந்த கன்னம், துடைக்கத் துடைக்க இன்னும் சிவந்தது.

"இன்ஸ்பெக்டர், நீங்க தேடற ஆள் நரித்தோல் போத்திட்டு உக்காந்திருக்காங்க."

"மேடம்!"

"ஹெஸ்டர், டார்லிங்..." என்றான் ஜூலியன்.

"நீ பேசாத. உன் முறை வரும். இன்ஸ்பெக்டர், முதல்ல கோட்டு. அது என்னோட பழைய கோட்டு. மத்தியானம் இதே மாடியில என் அறைல வெச்சு டிலிஸுக்குக் குடுத்தேன். அவ அதைப் போட்டுட்டு வாசலுக்குக்கூடப் போகல. பேர்ச்சீட்டு ஒட்டின ஆணியைப் பாக்காம, நீலக் கோட்டு அவளோடதுன்னு யாருக்குத் தெரியும்? மத்தியானத்திலேர்ந்து அரங்கத்தை விட்டு எழுந்துக்காதவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"யாரோ சொன்னாங்க," என்றாள் வெனிஷியா.

"யாரு?"

"ஞாபகமில்ல."

"சரி, அடுத்தது ஞாபகமிருக்கட்டும். நாடகத்தோட கடைசி வரியை முதல் காட்சிக்கு முன்னாடி நாங்க யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டோம். சொன்னா நாடகம் படுத்துடும்னு ஒரு பயம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனா இந்த ஊர்ல எந்த நடிகனும் அதை மீற மாட்டான். இன்னிக்கும் ஜூலியன் அந்த வரியைச் சொல்லல. லாலல்லான்னு பாடினான். மேடைல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என் முகத்துக்கு நேரா. அவன் சொன்ன அழகுல சிரிச்சேன்னு இவங்க சொல்றாங்க. பணம் போட்டவங்கங்கறதால இவங்ககிட்ட நாடகப் பிரதி இருக்கு. அதுல படிச்சதைச் சொல்லிட்டாங்க. கடைசி அங்கம் நடக்கும்போது இவங்க அரங்கத்துல இல்ல. பக்கக் கதவு வழியா மேல வந்து, பெட்டியை எடுத்து, கோட்டுல போட்டுட்டு, திரை இறங்கற நேரத்துக்குத் திரும்பிட்டாங்க."



வெனிஷியா கையுறையை விரல் விரலாக இழுத்து மாட்டிக்கொண்டாள். "என் பணத்துல வாங்கின பெட்டி. அதை எங்க வேணா வைப்பேன். ஒரு வேலைக்காரிப் பொண்ணு ஊருக்குத் திரும்பிப் போனா உலகம் நின்னுடாது."

"வேலைக்காரி வேஷம்," என்றாள் டிலிஸ். "நான் நடிகை."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "குடும்ப விஷயம்னு நினைக்கறேன். பொருளும் கிடைச்சாச்சு. திருட்டுன்னு சொல்ல முடியாது, மை லேடி..."

"சபாஷ்!" ஹெஸ்டர் அவர் வழியை மறித்தாள். "அரை மணி முன்னாடி இந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனீங்க. அப்ப தொப்பி தலைல இருந்துது. இப்ப எதுக்குக் கழட்டறீங்க? போலீஸுக்குப் பொய் சொல்லி ஒரு நிரபராதியை மாட்டிவிட்டா அது குத்தமில்லயா? வாசல்ல ரெண்டு பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. நான் போய்க் கேக்கட்டுமா?"

தொப்பி தலைக்குத் திரும்பியது. "லேடி வெனிஷியா, வாக்குமூலம் எழுதணும். என்கூட வாங்க."

போகிற போக்கில் வெனிஷியா மோதிரத்தைக் கழற்றி ஒப்பனை மேஜையில் பவுடர் டப்பாவுக்குள் போட்டாள். "நாளைக்கு என் பணம் இல்லாம நடிங்க."

"அரங்கம் நிறைஞ்சாச்சு," என்றாள் ஹெஸ்டர். "நடிச்சுக்கறோம்."

கதவு சாத்தியதும் ஜூலியன் பெருமூச்சு விட்டான். "எப்படிக் கண்டுபிடிச்ச டார்லிங்! அற்புதம்! யாருக்குமே தோணல."

"உனக்குத் தோணிச்சு."

அவன் புன்னகை அப்படியே நின்றது.

"அந்த வரியைச் சொல்லாதவன் நீ. அவ பொய் சொல்றான்னு அந்த நிமிஷமே உனக்குத் தெரிஞ்சு போச்சு. மரத்தைத் தட்டின. நாடகத்துக்குக் கெடுதல் வந்துடுமோன்னு பயந்த. இவளுக்கு வந்த கெடுதல் உன் கண்ணுல படல. நிச்சயதார்த்தம் போயிடும், பணம் போயிடும், பேப்பர்ல பேர் கெட்டுடும். அதுக்காக இவ ஜெயிலுக்குப் போகட்டும்னு கண்ணாடியைப் பாத்துட்டு உக்காந்திருந்த."

"நான் சொல்லத்தான் இருந்தேன்..."

"எப்ப? இவ விடுதலையாகி வந்தப்புறமா?"

ஜூலியன் எழுந்தான். பெண்களை மன்னிக்க வைக்கிற அந்த நடையில் டிலிஸிடம் போனான். அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஈரம் வரவழைத்தான். லண்டன் காதலிக்கிற அந்தக் குரல் வந்தது. "டிலிஸ், என் இதயத்தின் ஆழத்திலிருந்து..."

டிலிஸ் கையை உருவிக்கொண்டாள்.

"அழகா வேண்டாம் சார். என்னைத் திருடின்னு மாடிப்படியில வெச்சு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீங்களும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. தெரிஞ்சே பேசாம இருந்தேன்னு."

அவன் ஹெஸ்டரைப் பார்த்தான். அவள் கதவைத் திறந்து பிடித்தாள். "சொன்னாத்தான் நாளைக்கு நான் மேடை ஏறுவேன்."

குழு முழுக்க மேடையில் கூடியது. அரங்கத்து இருக்கைகள் காலி. ஜூலியன் ஆஷ்மோர் நடுவில் நின்றான். தரையைப் பார்த்தபடி என்னவோ முணுமுணுத்தான். தட்டையான, பயந்த குரல். ஒன்பது வருடம் கூட வாழ்ந்தும் அவனுடைய சொந்தக் குரலை இப்போதுதான் கேட்கிறோம் என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது.

டிலிஸ் வெள்ளைத் தொப்பியைக் கழற்றினாள். மேடையிலிருந்து இறங்கினாள். காலி இருக்கைகளுக்கு நடுவே நடந்து, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"கேக்கல சார்," என்றாள் அங்கிருந்து. "முதல்லேர்ந்து சொல்லுங்க."